மெயினை இறக்கிய பிறகும்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போன முதலாளி இன்று வீடு வந்து சேர்ந்தார். முதலாளி என்றால் என் வீட்டுக்காரர் வெள்ளிங்கிரி. எங்கள் மோட்டார் ரீவைண்டிங் பட்டறைக்கு அவர் முதலாளி, நான் தொழிலாளி. எரிந்துபோன மோட்டாருக்குப் புதுத் தாமிரக் கம்பி சுற்றுவது என் வேலை, சுற்றியதைக் குறை சொல்வது அவர் வேலை. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் ஓடுகிறது.

இடது தோளுக்குக் கீழே தீப்பெட்டி அளவுக்கு ஒரு மேடு. உள்ளே பேட்டரி வைத்த மெசின். இருதயம் துடிக்க மறந்தால் அது ஒரு தட்டுத் தட்டி ஞாபகப்படுத்துமாம். கோயமுத்தூரில் கணபதியிலிருந்து சிங்காநல்லூர் வரைக்கும் உள்ள மோட்டாரையெல்லாம் பிரித்துப் பூட்டியவருக்குள்ளேயே ஒரு மெசினைப் பூட்டி அனுப்பிவிட்டார்கள். இனி உங்களுக்கும் வாரண்டி உண்டு, ரிப்பேர் ஆனால் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள் என்று ஆட்டோவில் வரும்போது சொன்னேன். ஆட்டோக்காரர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா சொன்னதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். இடது கையை மேலே தூக்கக் கூடாது. செல்போனை இடது பக்கப் பையில் வைக்கக் கூடாது. வெல்டிங் கூடாது. பெரிய காந்தத்தின் பக்கம் போகவே கூடாது. காந்தம் கிட்டே வந்தால், இருதயம் என்ன சொல்கிறது என்று கேட்பதை அந்த மெசின் நிறுத்திவிட்டுத் தன் பாட்டுக்குத் தட்ட ஆரம்பித்துவிடுமாம். ரீவைண்டிங் பட்டறைக்காரரைக் காந்தத்தின் பக்கம் போகாதே என்பது, மளிகைக்கடைக்காரரைப் பருப்பு மூட்டைப் பக்கம் போகாதே என்பது மாதிரி. டாக்டரம்மாவிடமும் அதைச் சொன்னேன். பருப்பால் யாரும் சாக மாட்டார்கள் என்றார்.

பட்டறை கீழே, வீடு மேலே. மேலே படுக்க வைத்துவிட்டு வந்து ஷட்டரைப் பாதி இறக்கினேன். முழுதாக இறக்க மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

மத்தியானம் தூங்கினார். மூச்சு வருகிறதா என்று மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தேன்.

கண்ணைத் திறக்காமலே, "இன்னும் இருக்கறேன், போ புள்ள" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

சட்னியில் வேண்டுமென்றே உப்புப் போடாமல் வைத்தேன், திட்டுவாரா பார்ப்போம் என்று. பேசாமல் தின்றுவிட்டுக் கை கழுவினார். அப்புறம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

நானும் அதே சட்னியைத்தான் தின்றேன். தண்டனை எனக்குத்தான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து ஒரு பெண் உள்ளே வந்தாள். அண்ணாச்சி இருக்காரா என்று கேட்டாள். கோயமுத்தூரில் அண்ணாச்சி என்றால் மளிகைக்கடை, உனக்குத் துவரம்பருப்பு வேண்டுமா உளுந்து வேண்டுமா என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெயர் பெனிட்டா. நாகர்கோவில் பக்கம். இங்கே ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். முன்பு அவர்களுக்கு ஏதோ ஒரு விசித்திர மோட்டாரை இவர் சுற்றிக் கொடுத்தாராம், அந்த ஞாபகத்தில் தேடி வந்திருக்கிறாள்.

அவள் செய்யப்போவது ஒரு குளிர்மெசின். ஃபிரிட்ஜ் என்றால் உள்ளே கேஸ் இருக்கும், கம்ப்ரசர் அதை அமுக்கி அமுக்கி விடும், அதில்தான் குளிர்ச்சி. அந்தக் கேஸ் கசிந்தால் ஆகாசத்துக்கே கெடுதலாம். இவள் மெசினில் கேஸும் கிடையாது, கம்ப்ரசரும் கிடையாது. ஒரு மாதிரியான உலோகம். காந்தத்துக்குள் நுழைந்தால் சூடாகிறது, வெளியே வந்தால் குளிர்கிறது. சூட்டை ஒரு தண்ணீர்க் குழாய் எடுத்துக்கொண்டு போகும், குளிரை இன்னொரு குழாய். பால் சொசைட்டியில் வைத்தால் ஒரு பக்கம் பால் குளிரும், மறு பக்கம் கேன் கழுவச் சுடுதண்ணீர் வரும். வெளிநாட்டில் சில பேர் காந்தம்கூட இல்லாமல் வெறும் கம்பியை இழுத்து இழுத்து விட்டே குளிர்ச்சி எடுத்துப் பார்க்கிறார்களாம்.

கம்பியை இழுத்தால் கம்பிதான் அறும் என்றேன். கறிவேப்பிலைக் கட்டில் இருந்த ரப்பர் பேண்டை எடுத்துக் கொடுத்து, வெடுக்கென்று இழுத்து உதட்டில் வைக்கச் சொன்னாள். சுட்டது. இழுத்தபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு லூசாக விட்டு மறுபடி வைக்கச் சொன்னாள். சில்லென்று இருந்தது. இத்தனை வயதில் எத்தனை ரப்பர் பேண்டைப் பார்த்திருப்பேன், ஒன்றுகூட இதை என்னிடம் சொன்னதில்லை.

எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு உலோகம் உண்டு, அவருடைய அக்கா வந்தால் நான் சூடாகிவிடுவேன், அந்த அக்கா ஊருக்குப் போனால் குளிர்ந்துவிடுவேன் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது படிக்கட்டிலிருந்து குரல் வந்தது.

"கேஸ் இல்லாமயா?"

பாதிப் படியில் லுங்கியோடு நின்றுகொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே இறங்கி வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்புறம் அவளை விடவேயில்லை. காந்தம் சுற்றுமா, உலோகம் சுற்றுமா? மோட்டார் எவ்வளவு மெதுவாகச் சுற்ற வேண்டும்? தண்ணீரை எந்த நேரத்தில் திருப்பிவிட வேண்டும்? அவள் போகும்போது, ஃபிரேமும் டிரைவ் மோட்டாரும் எங்கள் பொறுப்பு, மெசினை இங்கேயே பூட்டிப் பார்க்கலாம் என்று முடிவாகிவிட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாசல் வரை போய் பெனிட்டாவிடம் அவருடைய நெஞ்சுக்குள் இருக்கும் மெசினைப் பற்றிச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. வேறு பட்டறை பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

"கொண்டு போயிராத கண்ணு" என்றேன். "வந்ததுலருந்து சுவத்தப் பாத்துட்டுப் படுத்திருந்த மனுசன், இன்னிக்குத்தான் வாயத் தொறந்திருக்கறாரு."

திரும்பி, ஸ்டூலில் இருந்தவரைப் பார்த்தாள். காந்தம் வந்ததும் அளந்து பார்த்துத் தரையில் ஒரு கோடு போடுவதாகவும், அண்ணாச்சி அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் சாயங்காலம் முழுக்க அந்த ரப்பர் பேண்டை உதட்டில் வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். ராத்திரி ரசத்தில் புளி ஜாஸ்தி என்று திட்டினார். சந்தோசத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தை வெற்றிலை பாக்கு வைத்து வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 8, திங்கள்

காலண்டர் தாளின் பின்பக்கம் முழுக்க அவர் வரைந்த ஃபிரேம் படம். இரும்பு ஆகாது, எல்லாம் அலுமினியம், பித்தளை. பழைய உலோகக் கடையில் நானே போய்ப் பொறுக்கி வந்தேன். அறுப்பதும் துளை போடுவதும் நான். ஸ்டூலில் உட்கார்ந்து கத்துவது முதலாளி. அரை மில்லி தள்ளிப் போயிருச்சு, கண்ணு பொடனியிலயா இருக்குது என்றார்.

நன்றாகச் சாப்பிடுகிறார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் செக்கப். தையல் ஆறிவிட்டது. திரும்பி வருவதற்குள் பெனிட்டாவும் கல்லூரி ஆட்களும் காந்தத்தைக் கொண்டுவந்து எங்கள் ஃபிரேமில் பூட்டிவிட்டிருந்தார்கள். உரல் மாதிரி உருண்டையாக, அலுமினிய மூடிக்குள். பேனலில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பார்க்க ஒன்றுமேயில்லை, சாதுவாக உட்கார்ந்திருந்தது.

கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரோடு கிட்டே போனேன். யாரோ பிடுங்கினார்கள். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. ஸ்க்ரூடிரைவர் மெசினில் ஒட்டிக்கொண்டு நின்றது. ரெண்டு கையாலும் பிடித்து இழுத்துத்தான் எடுக்க முடிந்தது.

கிட்டத்தில் இருந்த இரும்புச் சாமான்களையெல்லாம் அந்தப் பக்கச் சுவருக்கு மாற்றினோம். பெனிட்டா ஒரு சின்ன மீட்டரை நீட்டிக்கொண்டு மெசினைச் சுற்றி வந்தாள். அவள் சொன்ன இடத்துக்கும் இன்னும் ரெண்டு முழம் தள்ளிக் காவியைக் கரைத்து நான் கோடு போட்டேன். கபடிக் கோடு, பாடிக்கொண்டு வந்தாலும் உள்ளே வரக் கூடாது என்று முதலாளியிடம் சொன்னேன். தலையாட்டினார். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மெசினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 19, வெள்ளி

டிரைவ் மோட்டாருக்கு வயர் எந்த வழியாகப் போக வேண்டும் என்று பார்க்கக் குனிந்தேன். தாலிச் சங்கிலி என் கழுத்திலிருந்து தானாக எழுந்து, மெசினைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றது.

தங்கத்தைக் காந்தம் இழுக்காது. சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்குகளைத்தான் இழுத்திருக்கிறது. எல்லாருக்கும் அவசரத்துக்கு ஊக்குத் தருகிறவள் என்று நான் ஒரு கொத்தே மாட்டி வைத்திருப்பேன். ஊக்குத்தான் என்று தெரியும். தெரிந்தும் பின்னுக்கு நகர்ந்து வந்து, சுவரில் சாய்ந்துகொண்டு நின்றேன்.

என்ன ஆச்சு என்று கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். உங்களை விட்டுவிட்டு என்னோடு வா என்று மெசின் கூப்பிடுகிறது, நல்ல வசதியான இடமாகத் தெரிகிறது, போகட்டுமா என்று கேட்டேன். போனால் ரசத்துக்கு ஆள் வைத்துவிட்டுப் போ என்றார்.

ஊக்கையெல்லாம் கழற்றி அரிசி டப்பாவில் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

ஸ்டூல் கோட்டை ஒட்டி வந்துவிட்டது. நான் தள்ளிப் போட்டேன். மத்தியானம் பார்த்தால் மறுபடி ஒட்டியிருக்கிறது. செருப்பு நுனி கோட்டுக்கு மேலே.

செப்டம்பர் 27, சனி

சந்தையில் தக்காளி வாங்கும்போது திடீரென்று, இப்போது அவர் எந்தப் பக்கம் இருப்பார் என்று தோன்றியது. தக்காளியை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தக்காளி எங்கே என்று கேட்டார். இன்னும் பழுக்கவில்லையாம், நாளைக்கு வரச் சொன்னார்கள் என்றேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை நல்லபடியாக முடிந்தது. பொரி, கடலை, சுண்டல். பூசணிக்காய் உடைத்தோம்.

அக்டோபர் 2, வியாழன்

நேற்று எழுதியது பொய். என் டைரிக்கே நான் பொய் எழுதினேன். நேற்று நடந்ததை இன்று நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் ஆயுத பூஜை அன்றைக்கு எந்தப் பட்டறையிலும் மெசின் ஓடாது. கழுவித் துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பட்டறை முதலாளி தன் கையால்தான் ஒவ்வொரு மெசினுக்கும் பொட்டு வைப்பார். வைண்டிங் மெசின், லேத்து, துளை போடும் மெசின், எல்லாவற்றுக்கும் இவர் வைத்தார். சின்ன ஸ்பேனர் வரைக்கும் விடவில்லை. கடைசியில் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து கிண்ணத்தோடு நின்றார். அந்தப் பக்கம் அது ஒன்று மட்டும் பொட்டில்லாமல் நின்றது.

நான் வைக்கட்டுமா என்று கேட்டேன். கிண்ணத்தைத் தரவில்லை. அந்த முகம் எனக்குத் தெரியும். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது இருந்த முகம்.

உடனே எனக்கு ஒரு யோசனை வந்தது. எத்தனையோ வருசமாகக் கம்பி சுற்றுகிறேன். கம்பியில் கரண்டு ஓடினால் காந்தம், கரண்டு போனால் வெறும் இரும்பு. எனக்குத் தெரிந்த காந்தம் அதுதான். மெசினுக்குள் கை விடுவதற்கு முன்னால் மெயினை இறக்கு, மெயினை இறக்கினால் அது செத்த பாம்பு என்று கல்யாணமாகி வந்த வாரத்தில் இவர்தான் சொல்லிக் கொடுத்தார். ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கின அன்றைக்கும் பச்சை விளக்கு எரிந்தது. தாலியை இழுத்த அன்றைக்கும் எரிந்தது.

போய் மெயினை இறக்கினேன். பச்சை விளக்கு அணைந்தது. "மெயின எறக்கிப் போட்டனுங். இப்ப போயி வெய்யுங்க" என்றேன்.

அவர் மெயின் சுவிட்சைப் பார்த்தார். மெசினைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை ஏன் அத்தனை நேரம் நின்றது என்று எனக்கு அப்போது புரியவில்லை. கோட்டைத் தாண்டினார்.

விபூதி போட்டார். சந்தனம் வைத்தார். குங்குமம் வைத்தார். வைத்து முடித்தும் வரவில்லை. இடது உள்ளங்கையை மெசினின் மூடி மேல் ஊன்றி, நெஞ்சை மெசினுக்குக் கிட்டே கொண்டுபோய் அப்படியே நின்றார். வலது கை விரல் ரெண்டும் கழுத்து நரம்பில் இருந்தன. சாமி கும்பிடுகிறார் என்று நினைத்து நானும் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். என்ன கும்பிட்டேன் தெரியுமா? இவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று.

பெனிட்டா அப்போதுதான் வந்தாள். அவர்கள் சாமி வேறு, இருந்தாலும் பொரி வாங்க வா என்று கூப்பிட்டிருந்தேன். ஷட்டரிடமே நின்றுவிட்டாள்.

"அண்ணாச்சி, பின்னால வாங்க. மெதுவா, பின்னால வாங்க."

மெயினை இறக்கியாகிவிட்டது கண்ணு என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. உள்ளே ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக் கோட்டுக்கு வெளியே கூட்டி வந்து உட்கார வைத்தாள். அப்புறம்தான் என்னிடம் சொன்னாள்.

"இது கரண்டுல வர்ற காந்தம் இல்லக்கா. இதுக்கு ஆஃபே கெடையாது. பேனல் லைட்டு மோட்டாருக்குள்ளது. காந்தம் எப்பவும் அப்படியேதான் இருக்கும், ராத்திரி பகல் எல்லாம்."

மெசின் பக்கத்தில் காவிக்கோடு. என் கையால் போட்டது. அதைத் தாண்டச் சொன்னதும் என் வாய்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். நெஞ்சின் மேல் வட்டமான ஒரு கருவியை வைத்து உள்ளே இருக்கும் மெசினோடு பேசிப் பார்த்தார்கள். நல்லவேளை, காந்தத்தை விட்டு வந்ததும் அது பழையபடி கேட்க ஆரம்பித்துவிட்டதாம். கிட்டே நின்ற நேரம் முழுக்கத் தன் பாட்டுக்குத் தட்டியிருக்கிறது. அந்த நேரத்தில் இருதயம் தானாக ஒரு துடிப்புத் துடித்து, இது தட்டுகிற தட்டும் அதன் மேல் தப்பான இடத்தில் விழுந்திருந்தால் ஆளே இருந்திருக்க மாட்டார் என்றார் டாக்டரம்மா. யார் சார் உங்களை அங்கே போகச் சொன்னது என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "நானாத்தான் போனனுங்" என்றார்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைத்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அக்டோபர் 4, சனி

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு மெயினை இறக்கினதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறாயா என்று கேட்டார். இன்னொரு காயை எடுத்து நறுக்கினேன்.

"எனக்குத் தெரியும் புள்ள" என்றார். "ஸ்பீக்கருக்குள்ள இருக்கறதும் அந்த சாதிக் காந்தந்தான். அதுக்கு எவன் மெயின் போட்டான்? நீ சுவிட்ச எறக்கும்போதே எனக்குத் தெரியும்."

அரிவாள்மனையிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.

"தெரிஞ்சும் ஏனுங் போனீங்க?"

"சுத்தி முடிச்ச மோட்டார லோடு குடுத்து ஓட்டிப் பாக்காம நாம யாருகிட்டயாவது குடுத்திருக்கறமா? என்ற நெஞ்சுக்குள்ள வெச்சத யாரும் லோடு குடுத்துப் பாக்கல. இப்ப நிக்குமா, அப்பறம் நிக்குமான்னு மேல படுத்துக் கேட்டுட்டே கெடந்தேன். கீழ வந்து உக்காந்தாலும் அதேதான் கேக்குது. நிக்கறதுனா நின்னு தொலையட்டும்னுதான் போனேன்."

"நின்னிருந்தா?"

"நீ பக்கத்துல இருந்தயே."

நான் இருந்து என்ன செய்திருப்பேன்? எனக்குக் கம்பி சுற்றத்தான் தெரியும்.

அப்புறம், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்பது போல மெதுவாக இன்னொன்றும் சொன்னார். காந்தத்துக்குக் கிட்டே போனதும் நெஞ்சு கடிகாரம் மாதிரி ஒரே சீராக ஓடியதாம். மயங்கி விழுந்த நாளிலிருந்து அப்படி ஒரு நேரம் கிடைத்ததே இல்லையாம். "நல்லா இருந்துச்சு" என்றார்.

நின்றுவிடும் என்று இத்தனை நாளும் பயந்தேன். அந்த 'நல்லா இருந்துச்சு' அதைவிடப் பெரிய பயம். பயந்து போனவர் மறுபடி போக மாட்டார். நன்றாக இருந்த இடத்துக்கு மனுசன் மறுபடி போவான்.

கத்தரிக்காயைத் தண்ணீரில் போட மறந்துவிட்டேன். எல்லாம் கறுத்துவிட்டது. குழம்பு வைத்தேன். சாப்பிட்டார். குறை சொல்லவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

பெனிட்டாவை வரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுவிட்டாள். நாளைக்கே வண்டி கொண்டுவந்து மெசினை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள்.

எடுத்துக்கொண்டு போனால் அவர் சுவரைப் பார்த்துப் படுப்பார். விட்டுவைத்தால் அவர் கோட்டைத் தாண்டுவார். ரெண்டில் எது வேண்டும் என்று என்னைக் கேட்டால் நான் எதைச் சொல்வேன்?

அவரிடமே கேட்டேன். மெசின் போகட்டுமா, இருக்கட்டுமா? உங்களுக்காக இல்லை, எனக்காகச் சொல்லுங்கள் என்றேன். கேலி இல்லாமல் நான் பேசியதைப் பார்த்து அவருக்கே கஷ்டமாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

"ஓட்டிப் பாத்துட்டுப் போகட்டும்" என்றார். "நான் மேலயே இருந்துக்கறேன்."

படிக்கட்டுக்குக் கீழே கதவு வைத்துப் பூட்டிவிடலாம் என்று பெனிட்டா சொன்னாள். வேண்டாம் என்றேன். பூட்டினால், பூட்டினதால்தான் வரவில்லை என்று ஆகிவிடும்.

அக்டோபர் 8, புதன்

மேலேயே இருக்கிறார். பெனிட்டா செல்போனில் படம் காட்டி அவரிடம் சந்தேகம் கேட்கிறாள். பெல்ட்டைக் கொஞ்சம் லூசாக்கச் சொன்னார். நான் கீழே வேலை செய்யும்போதெல்லாம் படிக்கட்டைப் பார்த்துத்தான் உட்காருகிறேன். ஒரு கம்பிக் காயிலைத் தப்பாகச் சுற்றிப் பிரித்து மறுபடி சுற்றினேன். இத்தனை வருசத்தில் இதுதான் முதல் தடவை.

டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன், அந்தச் சீரான ஓட்டத்தை மருந்தாலோ மெசினாலோ கொடுக்க முடியாதா என்று. அது சீர் இல்லையம்மா, அது காது கேட்காத ஓட்டம் என்றார். படபடப்புக்கு வேண்டுமானால் இன்னொரு முறை கூட்டி வாருங்கள், உள்ளே இருப்பதைக் கொஞ்சம் திருத்தி வைக்கலாம் என்றார். அவரிடம் சொன்னேன். போகலாம் என்றார். உடனே சரி என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அதற்கும் பயந்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

ஆஸ்பத்திரி போய் வந்தோம். திருத்தி வைத்திருக்கிறார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றார்.

அக்டோபர் 13, திங்கள்

இன்று மெசினை ஓட்டினார்கள். காலையில் பெனிட்டாவும் கல்லூரி ஆட்களும் வந்து தண்ணீர்க் குழாயைப் பூட்டினார்கள். நான் கீழே வரவில்லை என்று சொல்லிவிட்டேன். முதலாளிக்குத் துணையாக மேலே இருக்கிறேன் என்றேன். உண்மையில் யாருக்கு யார் துணை என்று தெரியவில்லை.

ஓட்ட ஆரம்பித்துவிட்டோம் என்று கீழேயிருந்து பெனிட்டா குரல் கொடுத்தாள். ரெண்டு பேரும் காதைக் கொடுத்துக் கேட்டோம். ஒரு மெசின் ஓடினால் இந்த வீட்டுத் தரை அதிரும், டம்ளரில் தண்ணீர் ஆடும். எந்த மோட்டாருக்கு என்ன சீக்கு என்று சத்தத்தை வைத்து இவர் மேலே படுத்துக்கொண்டே சொல்லுவார். இதற்கு ஒரு சத்தமும் இல்லை. கம்ப்ரசர் இல்லாத மெசின் அப்படித்தான் போல. ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று இங்கேயிருந்து தெரியவேயில்லை.

அவர் கட்டிலில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் எழுந்தார். படிக்கட்டு வரைக்கும் போனார். நானும் எழுந்து நின்றேன். அவரைப் பிடித்து நிறுத்தவில்லை, கூப்பிடவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேல்படியில் நின்றார். கை நரம்பெல்லாம் எழுந்து தெரிந்தது. என்ன கேலி செய்யலாம் என்று தேடினேன். ஒன்றும் வரவில்லை.

"ஓடுதா புள்ள?" என்று கேட்டார்.

"தெரியலீங்" என்றேன்.

"போயிப் பாத்தாத்தான் தெரியும்."

"ஆமாங்."

வெகுநேரம் நின்றார். அப்புறம் அங்கேயே மேல்படியில் உட்கார்ந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது. வைக்கவில்லை.

அந்த நேரம் கீழே அது ஓடிக்கொண்டிருந்ததா என்று எனக்கு இன்னும் தெரியாது. பார்க்க நாங்கள் போகவில்லை.